ஐயோ அண்ணன் கீறாமல் விட்ட பட்டை

மண் தள்ளும் டோசரை விட்டு இறங்கியதும் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். மீதியைச் சரிவில் ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்ப்பார். "மண்ணு குடிக்குதா, தண்ணி ஓடுதா பாரு" என்பார், பக்கத்தில் ஈ காக்கை இல்லாவிட்டாலும். ஓடினால் உடனே வரும் ஒரு "ஐயோ!"

எல்லாவற்றுக்கும் ஐயோதான். லாரி ரிவர்ஸ் எடுத்தால் ஐயோ, டீயில் எறும்பு மிதந்தால் ஐயோ. மகள் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, "ஐயோ, அடுத்த தடவையும் வரணுமே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஐயோ அண்ணன். "இவரு ஐயோ சொல்லலேன்னாத்தான் எனக்குப் பயம்" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கல்லும் தூளும் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மலையாக நிற்கின்றன. அதில் ஒரு பூண்டுகூட முளைக்காது. தோண்டுவதற்கு முன் வழித்தெடுத்துக் குவித்து வைத்த மேல்மண்ணைத் திரும்ப அதன்மேல் பரப்பி, புல் விதை தூவி, செடி நட வேண்டும். பரப்புவது அண்ணன். அடிவாரத்துக் கொட்டகையில் செடி வளர்ப்பது அவர் மனைவியும் இன்னும் சில பெண்களும். மண் கொட்டுவதற்கு முன், டோசரின் பின்னால் இருக்கும் ரிப்பர் என்கிற இரும்புப் பல்லை இறக்கி, கல்பரப்பைக் குறுக்கே கீறிவிட வேண்டும். கீறல் இருந்தால்தான் மண்ணுக்குப் பிடிமானம். "வழுக்கைத் தலையில தொப்பி வெச்சா, காத்தடிக்கிற வரைக்கும்தான்" என்று புதிதாக வரும் டிரைவர்களிடம் சொல்வார். சொல்லும்போது தன் தலையைத் தடவிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் கல்பரப்பில் ஒரே ஒரு பட்டையைக் கீறாமல் விட்டார், அதுவும் கொட்டகைக்கு நேர் மேலே. அன்று ரிப்பர் பல் உடைந்துவிட்டது. மாற்றுப் பல் மறுநாள்தான் வரும் என்றார்கள். மண் லாரிகளோ வரிசைகட்டி நின்று ஹாரனை அலறவிட்டன. "ஒரு பட்டைதானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டோசர் ஏறி இறங்கி மெழுகிய தரைபோல் ஆகியிருந்த கல்லின்மேலேயே மண்ணை இழுத்துவிட்டார். ஊரார் தப்புக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர் தன் தப்புக்கு மூச்சுவிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், புல் முதலில் தளதளவென்று வந்தது அந்தப் பட்டையில்தான். பார்க்க வந்த பெரிய அதிகாரிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணே, உங்க பட்டைதான் டாப்பு" என்று சூப்பர்வைசர் தோளில் தட்டினார். அங்கே ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கல்லின்மேல் வழுக்கி, கீழ் ஓரத்தில் கலங்கலாகக் கசிந்ததை அண்ணன் ஒருவர்தான் பார்த்திருந்தார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மின்விசிறியின் சத்தம் மாறினால்கூட மழையோ என்று ஜன்னலைத் திறந்தார்.

"கொஞ்ச நாளைக்கு லீவு போடேன்" என்றார் மனைவியிடம்.

"எதுக்கு? வீட்ல உக்காந்து உங்க ஐயோவை எண்ணிக்கிட்டு இருக்கவா?"

"சும்மாதான் சொன்னேன்."

நேற்று மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததுமே அண்ணன் பட்டையின் தலைமாட்டுக்கு ஓடினார். பச்சைப் புல்லுக்கு நடுவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மண் வாய் பிளந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே கல் ஈரமாக, வழவழவென்று இருந்தது. எழுந்து, அதற்குள் வலுத்துவிட்ட மழையில் பக்கத்துப் பாதை வழியாகக் கீழே ஓடினார்.

சொட்டச் சொட்ட நனைந்து கொட்டகை வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "வந்துட்டாருடி! இன்னிக்கு எதுக்கு ஐயோ அண்ணே? தும்மலா, தூறலா?"

அண்ணன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை மட்டும் கூரைக்கு மேலே, சரிவின் பக்கம் காட்டியது.

மனைவியும் சிரித்தபடிதான் நிமிர்ந்தார். ஐயோவுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த நாற்றுத் தட்டைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.