நான் எழுப்பிவிட்ட பயணி

போன வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, நானும் மனைவியும் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுக்கு விரைவு ஃபெரியில் போனோம். துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான காப்பாரில்தான் இருக்கிறோம், ஆனாலும் அதுதான் முதல் முறை. இருபது வருடமாக லோரி ஓட்டுகிறேன். மலைப்பாதை வளைவுகளில்கூட எனக்குத் தலை சுற்றியதில்லை. அந்தத் தைரியத்தில், கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வந்த ஒருவர், காலடியில் சாமான் பை. ஃபெரி கிளம்புமுன்பே ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டார். வாந்தி வருமா என்று கேட்டேன். வரும் என்றார். எனக்கு அருவருப்பாகிவிட்டது.

"அப்படின்னா பின்னால போய் உட்காருங்க லா. இங்க லேடீஸ் இருக்காங்க," என்றேன், பத்துப் பேருக்குக் கேட்கும்படி.

மனைவி என் கையைக் கிள்ளினாள். அவர் சாமான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

கரையோரச் சதுப்புக் காடு முடியும்வரை சுகமான பயணம். திறந்த கடலுக்கு வந்ததும் ஃபெரியின் முன்பகுதி எழும்பி எழும்பித் தண்ணீரில் அறைந்தது. திறக்க முடியாத சன்னல்கள், ஏர்கோன் குளிர், டீசல் வாடை. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கை சில்லிட்டது, வேர்த்தது. காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் அப்படியே என் மடியில் விழுந்தது. நிற்கவேயில்லை. மாரடைப்போ என்று பயந்து மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

யாரோ வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். நான் எழுப்பிவிட்ட அதே ஆள். தன் பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். சட்டையைத் துடைத்துவிட்டார். முன்னால்தான் ஆட்டம் அதிகம் என்று சொல்லி, கைத்தாங்கலாக நடுப்பகுதிக்கு அழைத்துப்போனார்.

"போனைப் பாக்காதீங்கண்ணே. தூரத்துல தீவு தெரியுதுல்ல, அதையே பாருங்க."

பார்த்தேன். மெல்ல மூச்சு சீரானது. அதற்குள் அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கைக்குட்டையில் வாந்தி எடுத்தார். அவருடைய பை என் கையில் இருந்தது.

இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். உடம்புக்கு ஒத்துவராத பயணம் எதற்கு என்றும் கேட்டேன்.

"மீன் வைக்கிற ஐஸ் ரூம் இருக்குண்ணே, அந்த மெஷினப் பாக்கணும். வாரா வாரம் வரேன். வாரா வாரம் இதான்," என்று சிரித்துவிட்டு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தனக்கே முடியாத நேரத்தில் எனக்காக எழுந்து வந்தவரை, பத்துப் பேர் முன்னால் எழுந்து போகச் சொன்னவன் நான் என்பது இன்றும் என்னைக் கூசவைக்கிறது.