அசைய மறுத்த மூன்றாவது பிஸ்டன்

எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஆகவே, சென்ற வசந்த காலத்தில் மொன்றியலில் நடந்ததை முதலில் இப்படியே எழுதிவிடுகிறேன்.

1. புறநகரான கர்க்லாண்டில் இருந்த சித்தப்பா, மகனோடு இருப்பதற்காக வீட்டை விற்றுவிட்டு ரொறொன்ரோவுக்குப் புறப்பட்டார்.
2. அவருடைய கராஜில், அப்பாவும் அவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார் ஒன்று எஞ்சின் சுழலாமல் இறுகிப்போய் நின்றது.
3. இறுக்கியது சித்தப்பாதான் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். அதனால் இரண்டு குளிர்காலங்களாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.
4. பழைய இரும்பு எடுப்பவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து காரைக் கொண்டுபோவதாக இருந்தது.
5. அதற்கு முன் அந்த எஞ்சினை ஒரு தடவையாவது சுழல வைத்துப் பார்க்கிறேன் என்று நான் போனேன்.

ஐந்தாவதை ஏன் செய்தேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பாவும் சித்தப்பாவும் கனடாவுக்கு வந்த புதிதில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருந்தபோது வாங்கிய கார் அது. வாங்கும்போதே பழையது. கையால் கியர் மாற்றும், நான்கு சிலிண்டர் ஜப்பான் கார். அப்பாவுக்குப் பகல் வேலை, சித்தப்பாவுக்கு இரவு வேலை. ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார். இருக்கை சூடு ஆறாமலே இருக்குமாம். பிறகு அவரவருக்குப் புதுக் கார்கள் வந்தும் இதை விற்க இருவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் கராஜ் இல்லாததால் அது சித்தப்பா வீட்டுக்குப் போனது. கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏறி ஒரு சுற்றுப் போய் வருவார்கள். இரண்டு பேருக்கும் அது மட்டுமே பொழுதுபோக்கு.

ஓர் இலையுதிர் காலத்தில் சித்தப்பா பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் விட்டார். காற்று வடிகட்டியையும் கழற்றித் துப்புரவாக்கி, சில நாள் கழித்துத் திரும்பப் பூட்டினார். அடுத்த வசந்தத்தில் சாவியைத் திருப்பியபோது 'டொக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"எண்ணெய் விட்டனியோ?" என்று கேட்டார் அப்பா.

"விட்டனான் அண்ணை."

"விட்டிருந்தா ஏன் இறுகுது? எண்ணெயில்லாமல் ஓடிப்போட்டு இப்ப எனக்குக் கதை விடுறாய்."

சித்தப்பா அண்ணனுக்கு எதிரே குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "அப்ப என்னைப் பொய்யன் எண்டுறியளோ?"

அதோடு சரி. பொங்கலுக்குச் சித்தப்பா வரவில்லை. சித்தப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அம்மா மட்டும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போய் வந்தார். ஒரே நகரத்தில் இருக்கும்போதே இப்படி என்றால், ஆறு மணித்தியாலத் தூரத்துக்குப் போன பிறகு இவர்கள் பேசப்போவதில்லை. சித்தப்பா போவதற்குள் இது தீர வேண்டும் என்பதே என் கவலை. காரைப் பற்றி எனக்குப் பெரிய பாசம் ஒன்றும் இருக்கவில்லை.

நான் விமான எஞ்சின் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். கெட்டுப்போன பாகம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது எப்படிக் கெட்டது என்பதை அதன் மேற்பரப்பே சொல்லிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடிய எஞ்சினில் சிலிண்டர்ச் சுவர் நீள நீளமாகக் கீறுப்பட்டிருக்கும். அப்பா சொன்னது உண்மையா என்று உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். இவ்வளவு காலமும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், சண்டை பிடித்தவர்கள் இருவரும் பெரியவர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வீடு விற்றாகிவிட்டது என்று கேள்விப்பட்ட வார இறுதியில், கைத்தொலைபேசியில் பொருத்தும் வயர்க் கமெராவோடு கர்க்லாண்டுக்குப் போனேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் கமெராவை இறக்கினேன். முதலாம், இரண்டாம், நான்காம் சிலிண்டர்கள் சுத்தம். மூன்றாவதில் பிஸ்டனைச் சுற்றி ஒரு வளையம் போலத் துரு, நல்ல செம்மஞ்சள் நிறத்தில். கீறல் ஒன்றுகூட இல்லை.

எண்ணெய் இல்லாமல் ஓடி இறுகியதல்ல. உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. சித்தப்பா பொய் சொல்லவில்லை. அன்று மாலையே படங்களை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார்.

"அப்ப தண்ணி எங்காலை போனது? கராஜுக்குள்ளை மழை பெய்ததோ? அவன்தான் எதையோ செய்துபோட்டு மறைக்கிறான்."

கூரை ஒழுகவில்லை. குளிர்விக்கும் நீர் உள்ளே கசிந்த அடையாளமும் இல்லை. நானே ஒரு அறிக்கையில் 'தண்ணீர், எங்கிருந்து வந்தது தெரியாது' என்று எழுதினால் என் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பாவும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரும்புக்காரர் வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிஸ்டனையாவது விடுவிப்போம் என்று தொடங்கினேன். கியர்ப் பெட்டிக்கு விடும் மெல்லிய எண்ணெயும், நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டேன். அது துருவுக்குள் ஊறி இறங்க நாட்கள் எடுக்கும். வார இறுதிகளில் போய், வற்றியதை நிரப்பிவிட்டு வருவேன். இடையில் சித்தப்பா தாமாகவே நிரப்பி வைப்பார். சித்தி பாதிச் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டதால் அவர் தனியாக இருந்தார். என்னிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். ஒவ்வொரு முறையும் புறப்படும்போது, "அண்ணை மருந்து ஒழுங்காய் எடுக்கிறாரோ?" என்று மட்டும் கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையில் நான் புறப்பட, சித்தப்பாவுக்கு விடைசொல்லவென்று அம்மாவும் இடியப்பத்தோடும் தேங்காய்ப்பால் சொதியோடும் ஏறிக்கொண்டார். எஞ்சினின் முன்பக்க நட்டில் நீளச் சாவியைப் போட்டு மெதுவாக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் அழுத்தினேன். அசையவில்லை. சாவியின் முனையில் ஒரு குழாயைச் செருகினால் பலம் கூடும். ஆனால் நட்டு உடையலாம், பிஸ்டன் வளையம் நொறுங்கலாம். நேரமோ போய்க்கொண்டிருந்தது.

"நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டுப் பாரன்," என்றார் அம்மா. "குளிர்ச்சி."

"அம்மா, அதுக்குத் தலைமுழுக்கே?" என்றார் காரின் மறுபக்கம் நின்ற சித்தப்பா. அவர் அண்ணியை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

யோசிக்க நேரம் வேண்டும்போது நான் எதையாவது கழற்றுவேன். காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றி, காற்றும் பெற்றோலும் கலக்கும் காபரேட்டரின் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தேன். உள்ளே காற்றுப் போகும் தகட்டில் மஞ்சளாக ஒரு கறை. அதன் ஓரத்தில் காய்ந்து சுருண்ட பூவிதழ் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. குறட்டால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "செவ்வந்தியெல்லே," என்றார் இயல்பாக. பிறகு அவருடைய முகம் மாறியது. கையில் இருந்த சொதிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"இது... இந்த ஓட்டை அப்ப மூடியிருக்கேல்லை பிள்ளை."

"எப்ப அம்மா?"

"சித்தப்பா எண்ணெய் மாத்தின வருசம், விசயதசமிக்கு. கும்பத் தண்ணி இஞ்சையும் கொண்டந்து வீடு முழுக்கத் தெளிச்சுப்போட்டு, வாகனத்துக்கும் தெளிப்பம் எண்டு வந்தனான். முன் மூடி திறந்து கிடந்தது. தெளிச்சன். செம்பிலை மிச்சம் கிடந்தது. கால்படுற இடத்திலை ஊத்தக்கூடாதெல்லே. அதுதான் உந்த ஓட்டைக்குள்ளை..."

நவராத்திரிக்கு வைத்த கும்பத்தின் நீரை விஜயதசமியன்று வீடெங்கும் தெளிப்பது எங்கள் வழக்கம். மீதியைக் கால் படாத இடத்தில், மரத்தடியில் ஊற்ற வேண்டும். கர்க்லாண்டில் அன்று வெளியே ஒரே குளிர். அம்மாவுக்குக் கால் படாத இடமாகத் தெரிந்தது காபரேட்டரின் வாய். மஞ்சளும் பூவும் கலந்த அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, வால்வு திறந்திருந்த மூன்றாவது சிலிண்டருக்குள் போய்த் தங்கிவிட்டது. சித்தப்பா பிறகு உள்ளே பார்க்காமலே வடிகட்டியைப் பூட்டியிருக்கிறார்.

சித்தப்பா காரின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பால்தானா என்று எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ. எஞ்சினை இறுக்கினது உங்கட தம்பியில்லை. நான். ஓம், நான்தான். கத்துறதெண்டா இஞ்சை வந்து கத்துங்கோ, இடியப்பமும் ஆறுது."

அப்பா வந்தபோது இரும்புக்காரரின் லொறியும் பின்னாலேயே வந்து நின்றது. அப்பா வாசலில் நின்றார், சித்தப்பா கராஜுக்குள் நின்றார். நடுவில் கார். நான் இதழ்களை நீட்டினேன். அப்பா அவற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். தம்பியைப் பார்க்க முடியவில்லை. பேச வேண்டியது என்ன என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்கு அந்தச் சமயத்தில் தோன்றியது பொறியியல் வழி ஒன்றுதான். காரை உச்சக் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளினால், சில்லுகள் வழியாக எஞ்சினை இருபுறமும் மெதுவாக ஆட்டலாம். குழாய் போட்டு அழுத்துவதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். சில்லுகளுக்கு முன்பே காற்று அடித்து வைத்திருந்தேன்.

"அப்பா, நீங்கள் முன்னுக்குப் பிடியுங்கோ. சித்தப்பா, நீங்கள் பின்னுக்கு. முழங்காலைப் பார்த்து. அம்மா, நீங்கள் உள்ளே ஏறி இருங்கோ. நான் சொன்னால் பிரேக்கை மிதிக்கவேணும்."

"பிரேக் எது?" என்றார் அம்மா, வாழ்நாளில் ஒரு காரும் ஓட்டாதவர்.

"நடுவிலை இருக்கிறது," என்று சகோதரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

முதலில் சரிவரவில்லை. இருவரும் ஒருவரை எதிர்த்து ஒருவர் தள்ள, கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஒருவர் தள்ளும்போது மற்றவர் விட வேண்டும். அதற்குப் பேச வேண்டும். நான் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கப்பியில் கண்ணை வைத்தபடி வாயை மூடிக்கொண்டேன்.

அப்பாதான் தொடங்கினார். "நீ தள்ளு. நான் விடுறன்."

"ம். இப்ப நீங்கள்."

"இப்ப நீ."

"நீங்கள் அண்ணை."

கார் ஒரு விரலளவு முன்னே, ஒரு விரலளவு பின்னே ஆடியது. இரும்புக்காரர் "போஞ்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு, லொறியில் சாய்ந்து நின்று பார்த்தார். எத்தனை தடவை ஆடியது என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது எனக்கே அதிசயம். உள்ளே எங்கோ மிகச் சிறியதாக 'டிக்' என்றது. கப்பியில் நான் சுண்ணக்கட்டியால் போட்டிருந்த கோடு நகர்ந்தது. முதலில் ஒரு மயிரிழை. பிறகு அரை அங்குலம்.

"அசையுது," என்றேன். இன்னொரு தள்ளில் கார் தடுக்காமல் உருண்டு வாசலை நோக்கிப் போக, நான் "பிரேக்!" என்று கத்தினேன். அம்மா இரண்டு காலாலும் மிதித்தார். கார் அப்பாவின் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"எஞ்சினை முடிச்சது காணாதெண்டு என்னையும் முடிக்கப் பார்க்கிறா," என்றார் அப்பா, காரைச் சுற்றி முன்பக்கம் வந்த தம்பியிடம். அவர் மன்னிப்புக் கேட்டதை நான் கேட்கவில்லை. சித்தப்பாவின் முழங்காலைக் காட்டி, "நோகுதே?" என்று கேட்டதைத்தான் கேட்டேன். "இப்ப பரவாயில்லை அண்ணை," என்றார் சித்தப்பா. நான் கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரைக் கொடுக்கவில்லை என்றாலும் இரும்புக்காரர் வெறும் லொறியோடு திரும்பவில்லை. சித்தப்பா வீட்டின் பழைய சலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார். கையில் இரண்டு இடியப்பமும் கொடுத்து அனுப்பினார் அம்மா.

இப்போதும் வேலையிடத்தில் ஒரு பாகத்தோடு 'கையாண்டவரின் தவறு' என்று துண்டு வந்தால், அந்த வரியை நான் கடைசியாகத்தான் வாசிக்கிறேன். யார் செய்தார் என்று தீர்மானித்துவிட்டால் என்ன நடந்தது என்று பார்க்க யாருக்கும் கண் இருப்பதில்லை என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

இன்றைய நிலை இது. சித்தப்பா ரொறொன்ரோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அப்பாவும் தொலைபேசியில் காபரேட்டரைப் பற்றிச் சத்தமாகத் தர்க்கம் செய்கிறார்கள். கார் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த கராஜில் நிற்கிறது. சென்ற விஜயதசமிக்கு அம்மா அதற்கும் கும்பத் தண்ணீர் தெளித்தார், முன் மூடி பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு. எஞ்சின் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் சுழல்கிறது.