பாதிக் கல்லைப் படித்த பேராசிரியர்

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கல்வெட்டு படிக்க வரும் புதியவர்களுக்கு என் பெருமையைச் சொல்லப் போவதில்லை, நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன்.

கச்சிராயபாளையம் பக்கம் ஓர் ஊர். கல்வராயன் மலைத் தண்ணீர் வந்து நிற்கும் ஏரி, கரையில் ஒரு கல்வெட்டு. கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொல்லி நிலக்காரர் வேணுகோபால் கார் அனுப்பினார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒற்றி, மை தட்டிப் படி எடுத்தேன். ஏழு வரி, ஏரி வெட்டுவித்தவன் பெயர். மிச்சம் மண்ணுக்குள். மண்வெட்டி கேட்டேன்.

"அட வுடுங்க சார், கீழ இன்னா இருக்கப்போவுது? வூட்ல கோழிக் கொழம்பு ஆறிக்கினு கீது" என்றார் வேணுகோபால்.

வரலாற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். கல்லில் உள்ளவர் தன் முப்பாட்டன் என்றார் அவர். ஆதாரமா? அதெல்லாம் யார் கேட்டது! ஏப்பத்தோடு அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'முழு வாசகம்' என்று தலைப்பு, கீழே என் டாக்டர் பட்டம்.

மலர் வந்த இரண்டாம் வாரம் ஏரிப் பாதையில் வேணுகோபால் முள்வேலி போட்டார். கூலி வேலைக்குப் போகும் அஞ்சலை என்ற அம்மா, மலரும் கையுமாக என் வாசலில் நின்றார்.

"இந்த புக்க காட்டி நெலக்காரரு ஏரி தன்னுதுன்றாரு. எங்க ஆட்டுக்குத் தண்ணி இல்ல, மீனு புடிக்கக் கூடாதாம். கல்ல முழுசா பாத்தீங்களா சார்?"

"பாதிதான் பாத்தேம்மா." வெட்கமாக இருந்தது.

"பாதி வயல நட்டுட்டு நாங்க முழுக் கூலி கேட்டா குடுப்பாங்களா?"

மறுநாள் அவர் தெருக்காரர்களே கல்லைச் சுற்றித் தோண்டினார்கள். கீழே ஐந்து வரி. ஏரி வெட்டிய ஊராரின் வம்சத்துக்குத் தண்ணீரும் மீனும் என்றைக்கும் உரிமை. தடுப்பவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். தடுக்க எழுதிக் கொடுத்தவனுக்கு என்ன பாவம் என்று மட்டும் கல்லில் இல்லை.

வேணுகோபாலிடம் சொன்னேன். "அச்சடிச்சாச்சு சார். கம்முனு இருங்க, அடுத்த விழாவுல பொன்னாடை போட்டுடலாம்" என்றார்.

அஞ்சலையோடு தாசில்தாரிடம் போய், எழுதியது தவறு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் மலரையும் என் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் உங்க பேருதான் இருக்கு. நான் எத நம்பறது?"

என் டாக்டர் பட்டத்தை முந்திக்கொண்டு அஞ்சலைதான் பேசினார்.

"இவர நம்பாதீங்க சார். நீங்களே வந்து கல்லப் பாருங்க."

தாசில்தார் ஜீப்பில் ஏறினார். ஏரிக்கரையில், கல்வெட்டு தெரிந்த வேறோர் ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த வாரமே வேலி பிரிக்கப்பட்டது.

படித்தவன் எழுதினான் என்று எல்லோரும் என்னை நம்பியபோது ஊர் ஏரியை இழந்தது. ஓர் அம்மா நம்ப மறுத்தபோதுதான் அது திரும்பக் கிடைத்தது.