நீலக் குழாயில் வெந்நீர்

வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் இப்போது என் பிழைப்பு. மென்பொருள் எழுதும் பையன்கள், “அதான் ஸ்கிரீன்லயே போட்டிருக்கே, வாசிச்சா என்னவாம்?” என்று அலுத்துக்கொள்ளும்போது என் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பத்து வயதில் அதே வார்த்தையைச் சொல்லி அறை வாங்கியவள் நான்.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை, கொடைக்கானல் பார்க்க வருகிறவர்களுக்கு அம்மா வாடகைக்கு விட்டிருந்தாள். குழாய் பொருத்திய மகராசன் சிவப்புக் குழாயில் குளிர்ந்த நீரும் நீலக் குழாயில் வெந்நீரும் வரும்படி மாற்றிப் பொருத்திவிட்டான். வருகிறவர்களோடு கூடவே போய் அம்மா திருகிக் காட்டுவாள். அந்த அலைச்சல் எதற்கு என்று, “வெந்நீருக்கு நீலக் குழாய்” என ஓர் அட்டையில் எழுதி, ஓரத்தில் பூ வரைந்து, குளியலறைச் சுவரில் ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மார்கழியில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்ததால், சாவியை என்னிடம் கொடுத்துக் குழாயையும் காட்டிவிட்டு வரச் சொன்னாள். நான் அறையைத் திறந்துவிட்டதோடு சரி. அட்டை இருக்கிற தைரியத்தில் விளையாட ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மாள், “எம்மா, வெரசா ஓடியாங்க!” என்று அலறினார். வெள்ளனே குளித்த பெரியவர் உதடு கறுத்து, பல் தந்தியடிக்கக் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா கம்பளியைப் போர்த்தி, உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் கதவோரம் ஒட்டி நின்றேன். சுக்குக் காப்பி இரண்டு மடக்கு இறங்கிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“தண்ணி சில்லுன்னு வரவும் என்னயக் கூப்பிட்டிருக்கலாம்லங்கய்யா?” என்றாள் அம்மா.

“மலையில இப்படித்தான் போலன்னு நெனச்சேன் தாயி. ஒங்களுக்கு எதுக்குச் செரமம் குடுக்கணும்?”

புகாரே சொல்லாமல் இப்படி நடுங்குகிறவர்கள்தான் அதிகம் என்று என் வேலையில் இப்போது தெரிகிறது. அன்றைக்கோ என் தப்பை மறைப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“அதான் அட்டையில எழுதி ஒட்டிருக்கேன்ல? வாசிச்சா என்ன?” என்றேன்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “கண்ணாடிய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன் பாப்பா.”

“பொய்! சட்டைப் பையிலதான் இருக்கு!”

பளாரென்று விழுந்தது அறை. வந்தவர்கள் முன்னால் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அட்டையைக் கிழித்துப் போட்டாள். குழாய்க்காரரை வரவழைத்து, மத்தியானத்துக்குள் குழாய்களைச் சரியாக மாற்ற வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கு அடியா என்று, பூ வரைந்த துண்டுகளைப் பொறுக்கிவைத்துக்கொண்டு அழுதேன்.

பெரியவர் ஏன் பொய் சொன்னார் என்பது அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சட்டென்று தெரிந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பள்ளிக்கூடக் கடிதமோ மருந்துச் சீட்டோ, எது வந்தாலும் அம்மா, “கை ஈரமா கெடக்கு, நீயே வாசிச்சுச் சொல்லு” என்பாள். நானும் வாசித்துச் சொல்வேன். அந்தக் கை எந்நேரமும் ஈரமாகவா இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.