தெரியாது என்று எழுதிய மனு

வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைதான். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் அவர் ‘முன்அனுமதி அக்கா’. வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கு அரசின் சட்ட உதவி அலுவலகம் பணம் தரும். ஒரு வரம்பைத் தாண்டுகிற செலவென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் வக்கீலின் கைக்காசுதான். அந்த மனுக்களை எழுதுவது அக்கா. திரும்பி வந்த மனுக்களின் ஓரத்தில் அதிகாரிகள் கிறுக்கியதைப் படித்துப் படித்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர்.

“மிக்சி ரிப்பேருக்குக்கூட மூணு கடையில விலை கேக்கறா. என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேரைக் கேட்டாளோ!” என்பார் கணவர்.

“மத்த ரெண்டு பேரும் முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க” என்பார் அக்கா.

அந்த வாரம் ஒரு டிரைவரின் வழக்கு. இறக்கத்தில் வந்த சின்ன லாரி ஒரு கடைக்குள் புகுந்து ஒருவர் இறந்துபோனார். டிரைவர் சிறையில். “பிரேக் பிடிக்கல” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பேச்சில்லை. போலீஸ் தரப்பில் வண்டியைச் சோதித்த ஆள் சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் பிரேக் சரியாக இருப்பதாக எழுதிவிட்டார். லாரியை முதலாளி எடுத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை அது பழைய இரும்புக்குப் போகிறது. அதற்குள் நிபுணர் ஒருவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

மனுவை வக்கீலே நாலு பக்கம் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். புதன்கிழமை காலை அது திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரியின் ஒரு வரி: ‘பிரேக் பழுது என்று உறுதியாகத் தெரியும்போது நிபுணர் எதற்கு?’

வக்கீல் குதித்தார். “அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?”

“நல்லாவே தெரியுது சார். நாமதான் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டோம். பிரேக் பிடிச்சுதா இல்லையா, உங்களுக்குத் தெரியுமா?”

வக்கீல் விழித்தார். “தெரியாதுன்னு மனுவுல எழுத முடியுமா?”

“அதைத்தான் எழுதணும்.”

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். “வண்டியப் பத்தி முன்னாடி ஏதாச்சும் சொல்லுவாராம்மா?”

“பின்சக்கரத்துக்கிட்ட பிரேக் ஆயில் சொட்டுதுன்னு முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொன்னாருக்கா. இதெல்லாம் யாரும் கேக்கவே இல்லையே.”

புதிய மனு ஒரே பக்கம். ஆயில் சொட்டியதாக டிரைவர் சொன்னது. யாரும் சக்கரத்தைக் கழற்றாதது. பிரேக் பிடித்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. முடிவு எங்களுக்கு எதிராகவும் வரலாம். வெள்ளிக்குள் வர முடியாது என்று இரண்டு நிபுணர்கள் அனுப்பிய பதில், வருகிறேன் என்ற மூன்றாமவரின் கட்டணம், நாலு மணி நேர வேலை. வியாழன் சாயங்காலம் அனுமதி வந்துவிட்டது.

வெள்ளி மதியம் நிபுணர் லாரிக்கு அடியிலிருந்து போன் செய்தார். “நாலு மணி நேரம் முடிஞ்சுதுக்கா. இடது சக்கரம் சுத்தம். வலது பக்கம் துருப்பிடிச்சுப் போல்ட் அசையல. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“கை வைக்காதீங்க! வெளிய வாங்க.”

“லாரியை இழுத்துட்டுப் போற வண்டி வாசல்ல வந்து நிக்குது!”

“நின்னா நிக்கட்டும். சாயங்காலம்னுதானே உத்தரவு?”

அக்கா சட்ட உதவி அதிகாரிக்குப் போன் போட்டார்.

“எல்லாரும் செஞ்சு முடிச்சுட்டு பில்லை நீட்டுவாங்க. பாதியில ஆளை நிறுத்திட்டுக் கேக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா” என்று அவர் சிரித்தார். கூடுதல் நேரத்துக்கு அனுமதி வர முப்பத்தைந்து நிமிஷம். அதுவரை நிபுணர் டயரில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டார்.

இரண்டே முக்காலுக்கு மறுபடி போன். வலது சக்கரத்துக்குள் பிரேக் ரப்பர் கிழிந்திருந்தது. பழைய கிழிசல். உள்ளே எல்லாம் ஆயில். அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்திருக்க வழியே இல்லையாம்.

காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தவளிடம் அக்கா வந்து சொன்னார். டிரைவரின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

“இரும்மா, விடுதலைன்னெல்லாம் இப்பவே சொல்லிடாதே, கோர்ட்தான்...”

“கோர்ட் எப்ப வேணா சொல்லட்டும்க்கா. அவர் பொய் சொல்லலன்னு தெரிஞ்சுபோச்சு, அதை அவர்கிட்ட நான் சொல்லணும். ஜெயில்ல நாலு மணிக்கு மேல பார்க்க விட மாட்டாங்க.”

கடைசி வார்த்தை மாடிப்படியிலிருந்து கேட்டது.