சோபாவில் கேட்காத சத்தம்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் சிக்கிய லிஃப்டை அரை மணி நேரத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு மாதமாக ஒரு கிட்டார் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அக்கா வாயைத் திறந்ததால் வந்தது. "அந்தக் காலத்துல நீங்க வாசிச்ச சத்தத்துக்குத்தான் கழுத்த நீட்டினேன். இப்ப அதையும் காணோம்" என்று சாப்பிடும்போது சும்மா சொல்லிவைத்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அத்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ப்ளூஸ் ராக் பைத்தியம். தடித்த, கரகரத்த, இழுத்து இழுத்து அழுகிற சத்தம் அவருடையது. கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று ஆன பிறகு கிட்டார் பரணுக்குப் போய்விட்டது.

அக்கா சொன்னது மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கிட்டாரை இறக்கினார். கண்ணாடிக் குழல் மாதிரி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதைத் தூக்கி வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்கு. வால்வு திணறுகிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால்தான் அந்தக் கரகரப்பு வருமாம். தந்தியை மாற்றினார், வால்வை மாற்றினார், ஸ்பீக்கரையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அக்காவைச் சோபாவில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல."

"என்ன குறையுதுன்னு சொல்லேன்."

"குறையெல்லாம் இல்ல. ரொம்பப் பளிச்சுனு இருக்கு."

அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு போகும்படி ஒருவரிடம் சொல்லிவிட்டார். "வராத சத்தத்துக்கு வீட்ல எதுக்கு இடம்?" என்றார். எப்போதும் கேலி பேசுகிற எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிறு ஒன்பதே முக்கால். அக்கா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை என்று அத்தான் வாசித்தார். முடித்ததும் சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரீட்சைக்குப் படிக்கவிடாமல் என் உயிரை வாங்கிய தட்டு அது. பழைய வீட்டில் அவர் வாசித்து முடித்ததும் அக்கா இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். இன்னொரு தடவை வாசியுங்கள் என்று அர்த்தம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். அக்கா தோளில் துண்டோடு சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இதுதாங்க அது."

"நான் ஒண்ணுமே மாத்தலையே."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் என்னைக்கு உங்க எதிர்ல உக்காந்து கேட்டேன்? எப்பவும் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்."

வால்வு வால்வாக மாற்றிய மனிதர் சுவரை மறந்துவிட்டார். அதே வீட்டில் இருந்த என் மண்டைக்கும் உறைக்கவில்லை. அக்கா அவரைச் செல்லமாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவர் மறுபடி கிட்டாரை எடுத்தார்.

வாசல் மணி அடித்தது. கிட்டாருக்கு வந்தவர்தான்.

"மன்னிச்சுக்குங்க, அதைக் குடுக்கறதா இல்ல" என்றேன் நான்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வாசிப்பு முடிகிறவரை வாசலிலேயே நின்று கேட்டார். முடிந்ததும் உள்ளேயிருந்து டொக் டொக்.

"யாரோ தட்டறாங்களே, போய்ப் பாருங்க" என்றார்.

"அது எனக்கில்லைங்க" என்றேன்.