கிட்டங்கிப் பூனை

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஐந்து தாழ்ப்பாள்கள் இருந்தன. வாசல் கதவில் இரண்டு, பின்கதவில் இரண்டு, உள்ளறையில் ஒன்று. ஐந்தையும் அப்பா ஒரே மத்தியானத்தில் திருப்புளியால் கழற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். பூனைக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பூனைக்காக இவ்வளவு செய்கிற மனிதரா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். அதற்கு முன்னால் அப்பா, தெருவில் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறவர்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிற வியாதி அப்போதே பிடித்துவிட்டது. அப்பா ஒரு சுக்கு வியாபாரியிடம் கணக்கப்பிள்ளை. சரக்கு அடைக்கிற கட்டடத்தை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிட்டங்கி என்பார்கள். கொச்சிக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தச் சொல் மாறவில்லை. மற்ற பல சொற்கள் மாறிவிட்டிருந்தன. டீ சாயா ஆகிவிட்டது. அக்கா மலையாளத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்து தமிழில் சண்டை போடுவாள்.

அந்தக் கிட்டங்கிக்குக் காவல்காரர் ஒருவர் இருந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தனி ஆள். சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு சாம்பல் நிறப் பூனை, இவ்வளவுதான் அவர் குடித்தனம்.

அந்த வருடம் ஓணத்துக்குக் கிட்டங்கி நான்கு நாள் அடைப்பு. அண்ணாச்சி ஊருக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லி, பையும் கட்டி வைத்திருந்தார். மாலையில் அப்பா வழக்கம்போல வாசலில் நின்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு, இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டுப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். நான்கு நாளும் நல்ல மழை. கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. ஐந்தாம் நாள் காலை பூட்டைத் திறந்தபோது அண்ணாச்சி உள்ளே இருந்தார். காய்ச்சலில் படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று வீட்டில் எங்களுக்குச் சொன்னார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

மறுநாள் மாலை அப்பா ஒரு சாக்கோடு வந்தார். சாக்கு அசைந்தது.

வாயை அவிழ்த்தும் பூனை உடனே வரவில்லை. முதலில் சுக்குத் தூள் நெடி வந்தது, அக்கா தும்மினாள். பிறகு அது வயிறு தரையில் தேய ஓடி, உள்ளறைக் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்துகொண்டது. மூன்று நாள் அங்கேயே இருந்தது. கத்தவில்லை, சாப்பிடவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு கண் தெரியும். அவை என்னைப் பார்க்காது. எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்க்கும். நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு அது வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை. "பிணத்தோட கெடந்த பூனைய யாராவது பிள்ளைங்க இருக்கற வீட்டுக்குக் கொண்டாருவாங்களா?" என்றாள். அப்பா அது இங்கேதான் இருக்கும் என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் அது எதைத் தின்று உயிரோடு இருந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து அதற்கு ஒரு பதிலும் கொண்டுவந்து, சாப்பிடும்போது என் காதில் சொன்னாள். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். எலி இல்லாத கிட்டங்கி எந்த ஊரில் இருக்கிறது என்று அப்பா கேட்டார். அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் அம்மா ஒரு கெடு வைத்தாள். தீபாவளிக்குள் பூனை வீட்டோடு பழக வேண்டும். இல்லையென்றால் சாக்கில் கட்டி, போர்ட் கொச்சியில் போட் ஏற்றி, அக்கரையில் இருக்கிற வைப்பின் தீவில் விட்டுவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் வேண்டாத பூனைக்கு அதுதான் வழி. தண்ணீரைத் தாண்டிவிட்டால் பூனைக்குத் திரும்பி வரத் தெரியாது என்பார்கள். வைப்பின்காரர்கள் தங்கள் பூனைகளை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. எங்கள் சந்தில் பதினான்கு பூனைகள் இருந்தன.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "எப்படியாவது பழக்கிருல. அது போயிரக் கூடாது" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டுக்கொள்வது எனக்குப் புதிது. அதட்டித்தான் பழக்கம்.

நான் காய்ந்த நெத்திலியோடு வேலையைத் தொடங்கினேன். கட்டிலுக்குச் சற்று தள்ளி ஒன்று வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். சில நேரம் மீன் காணாமல் போயிருக்கும், சில நேரம் அப்படியே கிடக்கும். என்ன கணக்கு என்று பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் பிடிபட்டது. மழை சாய்ந்து அடித்து வீட்டுக்குள் சாரல் வந்ததால் அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுத்த வீட்டுச் சேச்சி மழை நிற்கட்டும் என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பகலிலேயே விளக்குப் போடும்படி இருட்டியிருந்தது.

தாழ்ப்பாள் விழுந்த சத்தத்துக்குப் பூனை கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது. எங்களில் ஒருவரையும் பார்க்காமல் நடுவீட்டில் நடந்து கதவுக்குப் போயிற்று. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கதவில் அடித்தது. மூன்று முறை அடித்துவிட்டுக் காதை உயர்த்திக் கேட்டது. மறுபடி மூன்று முறை. மறுபடி கேட்டது. வெளியே யாரோ பதில் சொல்லக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

சேச்சி எழுந்து நின்றுவிட்டாள். "பூச்ச மாந்தும். இது மாந்துகயல்ல, தட்டுகயா" என்றாள். மாந்துவது என்றால் பிறாண்டுவது. பூனை பிறாண்டும், தட்டாது என்கிறாள். இன்னும் மெதுவாக ஒன்று சொன்னாள்: "தட்டுன்னது பூச்சயல்ல."

மழை நிற்காமலே அவள் போய்விட்டாள். அம்மா கதவைத் திறந்து வைத்தாள். பூனை வாசல்படியில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று படுத்துக்கொண்டது; சாரலில் நனைந்தும் நகரவில்லை. நான் ஒரு நெத்திலி நீட்டினேன். முதல் தடவையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. கதவு திறந்திருந்தால் தின்னும், மூடியிருந்தால் தின்னாது என்கிற பெரிய கண்டுபிடிப்பை அன்று மாலை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். தட்டிய விதத்தையும் கதவில் தட்டிக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் பகலில் வந்து நான் பார்த்ததில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே வாசல் கதவுக்குப் போனார்.

"தாப்பா இல்லாத வீட்ல பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எப்படிக் கண்ண மூடுவேன்?" என்றாள் அம்மா.

"இனிமே எங்கயும் நான் அடைக்க மாட்டேன்" என்றார் அப்பா.

இரவில் அம்மா கதவுக்கு முட்டுக்கொடுத்து ஆட்டுக்குழவியை வைத்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பும், கொடியில் கிடந்த ஒரு துண்டும் போயின. இரண்டையும் அம்மா பூனையின் கணக்கில் எழுதினாள்.

ஆனால் பூனை பழகிவிட்டது. வாசல்படியிலிருந்து நடுவீட்டுக்கு வந்தது. அக்காவின் பாவாடை விரிப்பில் சுருண்டு படுத்தது. அம்மா மீன் ஆயும்போது கூடவே உட்கார்ந்திருந்தது. அவள் திட்டிக்கொண்டே செதிள் போக நல்ல துண்டாக ஒன்றை ஒதுக்கிப் போடுவாள். தீபாவளிக் கெடுவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அப்பாவிடம் மட்டும் அது போகவில்லை. அவர் சந்துமுனை திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். எழுந்து கட்டிலடிக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் அம்மா சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். ஒருநாள் இதை வேடிக்கையாக அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சாவிச் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறது என்று நான் விளக்கினேன். கொத்தை வாங்கிக் குலுக்கிக் காட்டினேன்; ஏழு சாவிகள். கட்டிலடியில் டிரங்குப் பெட்டி நகர்கிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் அப்பா சாவி இல்லாமல் வந்தார். இனிமேல் பூட்டுகிற பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி, சின்னக் கணக்கப்பிள்ளையிடம் கொத்தைக் கொடுத்துவிட்டாராம். சாவி வைத்திருப்பவருக்குக் கடைத்தெருவில் ஒரு மரியாதை உண்டு. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாவி போயும் பூனை வரவில்லை. நீங்கள் உற்றுப் பார்க்கிறீர்கள், அதனால்தான் என்றேன். அன்று முதல் அப்பா என் முறைப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் மீனை வைத்துக் கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, வெகுநேரம். கணக்கப்பிள்ளை ஒருவர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். அக்காவுக்கும் எனக்கும் சிரிப்பை அடக்க முடியாது.

அவர் சுவரோடு ஏதோ முணுமுணுப்பார். ஒருநாள் கிட்டே போய்க் கேட்டேன். "ஒரு கொரலு கொடுத்தேனே அண்ணாச்சி" என்றார். சிறிது விட்டு மறுபடி, "ஒரு கொரலுதான் கொடுத்தேன்."

பூனைக்குப் பழைய எஜமானின் பெயரையே வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் நானும் அதை அண்ணாச்சி என்று கூப்பிட்டு மீன் காட்டினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம், அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். அண்ணாச்சி போனபிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. உள்ளே அதே சுக்கு நெடி. பெரிய கதவு ஒருபக்கமாகத் திறந்து கிடந்தது. அதன் உள்பக்கத்தில் புதிதாக ஒரு பலகை அடித்திருந்தார்கள். பழைய மரம் கறுப்பு, பலகை வெளுப்பு. என் தலைக்கு மேல் நான்கு விரல் தள்ளித் தொடங்கி, கையை உயர்த்தினாலும் எட்டாத இடம்வரை இருந்தது. பலகையின் ஓரத்தில் மறையாமல் ஒரு கீறல் நீண்டிருந்தது. எம்பி விரலை விட்டுப் பார்த்தேன். பாதி விரல் உள்ளே போயிற்று.

சாக்கு இறக்குகிற சேட்டன் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அது பூச்ச மாந்தியதாடா மோனே" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவின் கீழ்ப்பகுதியைத் தேடிப் பார்த்தேன். பூனை நிற்கிற உயரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் எங்கள் பூனை ஒவ்வொரு தடவையும் ஆள் உயரத்துக்குத் துள்ளிப் பிறாண்டியிருக்கிறது. இப்படி ஒரு பூனை அந்தச் சந்தில் யாரிடமும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவின் உள்பக்கம், என் தலைக்கு மேல் நான்கு விரலில் சாக்பீஸால் கோடு போட்டேன். நெத்திலியை நூலில் கட்டி அங்கே தொங்கவிட்டேன். பூனை அண்ணாந்து பார்த்தது. அந்த மீன் பிடிக்கவில்லையோ என்று வேறு மீன் கட்டினேன். அது கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. ஆறு மீன் மாற்றியிருப்பேன். அப்போது அப்பா உள்ளே வந்தார். பூனை ஓடவில்லை, நான் நூலை ஆட்டிக்கொண்டிருந்ததால் அதை முதலில் கவனிக்கவில்லை.

"என்னல செய்யுத?"

"எவ்ளோ உயரம் துள்ளும்னு பாக்குதேம்பா."

"அது துள்ளாது. விடு."

"கிட்டங்கிக் கதவுல துள்ளியிருக்குல்லா? நான் பாத்தேனே. இந்த உயரம்."

அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார். அது அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கையை எடுத்து விரல்களை விரித்துக் கோட்டின் மேல் வைத்தார். நான் தட்டிக் காட்டியபோது செய்ததுபோல என் கையைப் பிடிக்கப்போகிறார் என்று பின்னால் நகர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கதவில் கை வைத்தபடி, நெற்றியையும் அதில் சாய்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

பூனை எழுந்து போய் அவர் காலில் உடம்பைத் தேய்த்தது. ஒரு சுற்று சுற்றி, மறுபடி தேய்த்து, அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்தது. அவர் காலை அசைக்கவில்லை. அம்மா சாயாவோடு வந்தவள், அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆறு நெத்திலி காட்டியும் எனக்காக ஒரு சாண் துள்ளாத பூனை, வெறுங்கையோடு நின்ற அப்பாவிடம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இனி அதற்கு ஒரு மீன்கூடக் கிடையாது என்று, அவருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன்.